உலர் குப்பை: வாசல் வண்டிக்கா, காயலான் கடைக்கா?

சென்னையில் எங்கள் தெருமுனைத் தொட்டியை எடுத்துவிட்டு வீடு வீடாக பேட்டரி வண்டி விட்டதிலிருந்து ஏரியாவில் எல்லோருக்கும் எரிச்சல்தான். திடக்கழிவு விதிகள்படி ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயகரமானது என்று தனித்தனியாகப் பிரித்துத் தர வேண்டும், சரி, தருகிறோம். ஆனால் கண்ணெதிரே எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால் அடுத்த நாள் யாருக்குப் பிரிக்க மனசு வரும்? நேரமும் நிலையில்லை; வேலைக்குப் போகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதே அபூர்வம்.

காயலான் கடையில் இந்தத் தொல்லை இல்லை. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பாட்டில், இரும்பு, கழுவிக் காயவைத்த பால் கவர் என்று எடை போட்டுக் காசு தருகிறார்கள், காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கொண்டுபோய் கொடுங்கையூர் குப்பைமேட்டில் யாரும் கொட்டமாட்டார்கள். ஆனால் சிப்ஸ் பாக்கெட், தெர்மாகோல், எண்ணெய் பட்ட பார்சல் டப்பா எல்லாம் அங்கே எடுபடாது, அதற்கு வண்டிதான் கதி. வயதானவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடக்கவும் முடியாது.

என்னைக் கேட்டால், விலை போவது கடைக்கு, மீதி வண்டிக்கு. அப்புறம், வண்டியில் வருகிற தொழிலாளர்களிடம் சண்டை போடாதீர்கள், தனித்தனி டிரம் தராதது அவர்கள் தப்பு இல்லை, புகாரை வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.