வரித் தவணை ஒப்பந்தத்துக்குச் சான்று: ஐஆர்எஸ் இணையக் கணக்கு வீட்டுக் கடனுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

அமெரிக்காவில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்த ஓராண்டில், காலாண்டுதோறும் நாமே கணக்கிட்டு முன்கூட்டிக் கட்டியிருக்க வேண்டிய மதிப்பீட்டு வரியை நான் கட்டாமல் விட்டுவிட்டேன். ஏப்ரலில் கணக்குத் தாக்கல் செய்தபோது 12,000 டாலருக்கு மேல் பாக்கி நின்றது. அதை மாதம் 240 டாலர் வீதம் கட்டுவதாக, அமெரிக்கக் கூட்டரசின் வரித்துறையான ஐஆர்எஸ் அமைப்புடன் ஜூன் மாதம் தவணை ஒப்பந்தம் செய்துகொண்டு, ஜூலை முதல் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து அந்தத் தொகை தானாகப் பிடிக்கப்படும்படி ஏற்பாடு செய்திருந்தேன். நவம்பர் இறுதியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது ஐந்து தவணைகள் முடிந்திருந்தன. இந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்று கடன் வழங்கும் நிறுவனத்துக்குக் காட்டுவதற்கு ஐஆர்எஸ் இணையக் கணக்கு எந்த அளவுக்குப் போதுமானது என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

முதலில், என்ன கேட்கப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை, வீட்டுக் கடன்களைக் கடன் நிறுவனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே அல்லது ஃபிரெடி மேக்கின் விதிகளையொட்டியே கொடுக்கப்படுகின்றன. ஃபேனி மேயின் விதிப்படி, வரிப் பாக்கி முழுவதையும் அடைத்துவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், மாதத் தவணையை மட்டும் விண்ணப்பதாரரின் மற்ற மாதக் கடன்களோடு சேர்த்துக் கணக்கிட்டால் போதும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வீடு இருக்கும் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) அவர் மீது கூட்டரசு வரிப் பற்றுரிமை அறிவிப்பு, அதாவது வரிப் பாக்கிக்காக அவருடைய சொத்தின் மீது அரசு உரிமை கோரும் அறிவிப்பு, பதிவாகியிருக்கக் கூடாது. மாதத் தவணையும் மொத்தப் பாக்கியும் குறிப்பிடப்பட்ட, ஏற்கப்பட்ட ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். தவணைகள் தவறாமல் கட்டப்படுகின்றன என்பதற்குச் சான்று வேண்டும். கடன் பத்திரங்களில் கையெழுத்திடும் முன் குறைந்தது ஒரு தவணையாவது கட்டியிருக்க வேண்டும். அரசுக் காப்பீடு உள்ள எஃப்எச்ஏ கடனென்றால் மூன்று மாதத் தவணைகளை உரிய நாளில் கட்டியிருக்க வேண்டும், அவற்றை முன்கூட்டியே ஒரே நாளில் கட்டிக் கணக்குக் காட்டவும் முடியாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் தவணை தொடங்கிய மறுமாதமே விண்ணப்பித்துவிட்டு நிற்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

இணையக் கணக்கின் நிறைகளைச் சொல்வது எளிது. அடையாளத்தை ஐடி.மீ என்ற இணையச் சேவை வழியாக ஒருமுறை சரிபார்த்து உள்ளே நுழைந்தால், எந்த ஆண்டுக்கு எவ்வளவு பாக்கி, தவணைத் திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது, மாதத் தொகை எவ்வளவு, அடுத்த தவணை எந்த நாளில் என்பவை தனித்தனியாகத் தெரிகின்றன. கடந்த ஐந்து ஆண்டுகளில் கட்டிய தொகைகளின் வரலாறும் அங்கேயே கிடைக்கிறது. கணவனும் மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்குதான். ஆகவே இருவர் பெயரிலும் கடன் கேட்பவர்கள் இருவருடைய கணக்குகளையும் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் கடன் வழங்குபவர் மதிப்பது திரையின் படத்தை விட ஐஆர்எஸ் வெளியிடும் கணக்கு டிரான்ஸ்கிரிப்டைத்தான், அதாவது வரிக் கணக்கின் பதிவுகளை வரிசையாகக் காட்டும் தாளைத்தான். இது இணையக் கணக்கிலிருந்து உடனே பிடிஎஃப் கோப்பாக இறங்கிவிடுகிறது; தபாலில் கேட்டால் 5 முதல் 10 நாள் ஆகும். என்னுடைய டிரான்ஸ்கிரிப்டில் 971 என்ற குறியீட்டுக்கு எதிரே தவணை ஒப்பந்தம் நிறுவப்பட்டது என்ற வாசகமும் ஜூன் மாதத் தேதியும் இருந்தன. அதற்குக் கீழே, கட்டிய தொகையைக் குறிக்கும் 670 என்ற குறியீட்டுடன் ஐந்து வரிகள், ஒவ்வொன்றிலும் கழித்தல் குறியோடு 240 டாலர். இந்த ஆறு வரிகளையும் நான் மஞ்சள் கோடிட்டு அனுப்பினேன், ஏனெனில் வட்டியும் அபராதமும் ஏறி இறங்கும் அந்தப் பட்டியலில், பழக்கமில்லாத கண்ணுக்கு இவை எளிதில் புலப்படமாட்டா.

அதே தாளில் நம்மவர்களுக்கென்றே அமைந்ததுபோல் ஒரு சிக்கலும் இருக்கிறது. தனிப்பட்ட விவரங்களைக் காப்பதற்காக, டிரான்ஸ்கிரிப்டில் கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் மட்டுமே அச்சாகின்றன. எனக்குக் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அதிலும் நான்கே எழுத்துகள் தெரிந்தால், இந்தத் தாள் என்னுடையதுதானா என்று அலுவலர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதற்கு ஐஆர்எஸ் அமைப்பே ஒரு வழி வைத்திருக்கிறது: டிரான்ஸ்கிரிப்டைக் கேட்கும்போது வாடிக்கையாளர் கோப்பு எண் என்ற கட்டத்தில் பத்து இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால், அது தாளிலேயே அச்சாகி வருகிறது. நான் கடன் விண்ணப்ப எண்ணின் முன்னே சுழியங்களைச் சேர்த்துப் பத்து இலக்கமாக்கிக் கொடுத்தேன், அந்தக் கேள்வி அதன் பிறகு எழவில்லை.

டிரான்ஸ்கிரிப்டால் தர முடியாதது, இனி மாதந்தோறும் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்த விதிமுறை. அது ஒப்பந்தம் ஏற்கப்பட்டபோது வரும் கடிதத்தில்தான் இருக்கும். இணையக் கணக்கிலும் கடிதங்களின் நகல்கள் கிடைக்கின்றன, ஆனால் எல்லா வகைக் கடிதங்களும் அங்கே சேர்க்கப்படுவதில்லை. நானோ வீடு மாறிய அவசரத்தில் அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிட்டேன். தொலைபேசி உதவி காலை 7 மணிக்குத் தொடங்கும் என்பதால் அந்த நேரத்துக்கே அழைத்து, வீட்டுக் கடனுக்காக ஒப்பந்த விதிமுறைகளுடன் கடிதம் வேண்டும் என்று கேட்டேன். எதிர்முனையில் பேசிய அம்மையார் என் முகவரியை இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்து, மொத்தப் பாக்கியும் குறிப்பிடப்பட வேண்டுமா என்று தாமாகவே கேட்டார். கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது. அதில் நான் கேட்ட இரண்டு தொகைகளும் இருந்தன. அந்த அம்மையாருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

என் மனம் நொந்தது கடன் வழங்கும் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில்தான். ஐஆர்எஸ் அனுப்பிய அண்மைய தவணை நினைவூட்டல் கடிதம் இல்லாமல் கோப்பு நகராது என்று அங்கிருந்த அலுவலர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். தவணையைத் தாமாகக் கட்டுபவர்களுக்குத்தான் சிபி 521 என்ற அந்த நினைவூட்டல் மாதந்தோறும் வரும். வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது வருவதில்லை, ஆண்டுக்கொரு முறை சிபி 89 என்ற அறிக்கை மட்டுமே வரும். எனக்கு இன்னும் ஓராண்டு நிறையாததால் அதுவும் இல்லை. இணையத்தில் தொடங்க 22 டாலர் மட்டுமே கட்டணம் உள்ள, தவறவிட வாய்ப்பே குறைந்த திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவரிடம், அந்தத் திட்டத்தில் இல்லாத தாளைக் கேட்டு நிறுத்துவது முறையல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏற்கத்தக்க சான்றுகளுள் நினைவூட்டல் கடிதமும் அடங்கும் என்றுதான் ஃபேனி மேயின் விதி சொல்கிறது, அது மட்டுமே சான்று என்று எங்கும் சொல்லவில்லை. அந்த வாசகத்தை எடுத்து எழுதி, டிரான்ஸ்கிரிப்ட், ஐந்து மாத வங்கி அறிக்கைகள், அடுத்த தவணைத் தேதியைக் காட்டும் இணையக் கணக்குப் பக்கம் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பாக்கி, கடனை அனுமதிப்பதா என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டரின் பார்வைக்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் மறுநாளே ஏற்றுக்கொண்டார்.

இத்தனையும் பார்த்த பிறகு, இணையக் கணக்குக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். மாதத் தொகை, மொத்தப் பாக்கி, கட்டிய தவணைகள், அடுத்த தேதி ஆகியவை ஐஆர்எஸ் முத்திரையோடு ஒரே தாளில் கிடைக்கும் நாள் வந்தால் ஐந்தையும் தருவேன். அதுவரை, வீடு தேடத் தொடங்கும்போதே ஒப்பந்தக் கடிதத்தைக் கேட்டு எழுதிவிடுங்கள். இன்னொன்று, கடன் விண்ணப்பம் நடக்கும் காலத்தில் புதிய ஆண்டின் வரியில் பாக்கி விழ விடாதீர்கள். பழைய ஒப்பந்தமே முறிந்துபோகக் காரணமாகும் அது, அப்போது கையில் உள்ள எந்தச் சான்றும் செல்லாது.

எங்கள் கையெழுத்து டிசம்பர் 19ஆம் தேதி நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் மாதத் தவணையும் கட்டப்பட்டதா என்று கேட்டார்கள். 15ஆம் தேதி பிடிக்கப்பட்ட 240 டாலர் வங்கிக் கணக்கில் தெரிந்தது, அந்தப் பக்கத்தை அன்று மாலையே அனுப்பிவைத்தேன்.