காற்றுமானியும் ஆட்டோபைலட்டும்: பினாங்குக் கடலில் நீண்ட காலப் பயன்பாடு

பாய்மரப் படகில் காற்றின் திசையையும் வேகத்தையும் அளக்கும் காற்றுமானியையும், சுக்கானைத் தானே திருப்பும் ஆட்டோபைலட்டையும் இணைப்பது அரை நாள் வேலை. காட்டும் கோணத்தை நம்பிச் சுக்கானை ஒப்படைக்கலாமா என்று தெரியத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

இரண்டும் என்.எம்.இ.ஏ 2000 (படகுக் கருவிகள் ஒரே கேபிளில் பேசிக்கொள்ளும் முறை) என்றால் தலைவலி குறைவு. காற்றுத் தகவல் 130306 என்ற எண்ணுள்ள செய்தியாக வரும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கேன்-ஹை, கேன்-லோ என்ற இரண்டு தகவல் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் (முதன்மைக் கேபிளின் இரு முனையிலும் மாட்டும் மின்தடை) இல்லை. 40 என்றால் மூன்றாவது ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதனால் உச்சிச் சென்சார் நேரடியாக இந்த வகை என்றால், முதன்மைக் கேபிளையே பாய்மரத்தின் மேலே ஏற்றி அங்கே முடிக்க வேண்டும்.

பழைய டில்லர் பைலட்டுகள் (சுக்கான் கைப்பிடியைத் தள்ளி இழுக்கும் சிறிய ஆட்டோபைலட்டுகள்) கேட்பது என்.எம்.இ.ஏ 0183 என்ற பழைய மொழி, 4800 பாட் வேகம். ஏ.ஐ.எஸ் (அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் கருவி) தகவல் கலந்த 38400 பாட் வரியைக் கொடுத்தால் அவற்றுக்கு ஒன்றும் புரியாது. 4800 பாடில் நொடிக்கு 480 எழுத்துகள்தான் போகும். ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் பட்டியலையும் திணித்தால் காற்றுக்கோணம் பிந்தி வந்து சேரும், படகு பாம்பு போல நெளியும். காற்றின் கோணமும் வேகமும் வரும் எம்.டபிள்யூ.வி வரி மட்டும் போகும்படி வடிகட்டுங்கள். பைலட் மோட்டாருக்குத் தனி வயர், தனி ஃபியூஸ் கட்டாயம். இல்லையேல் மோட்டார் இழுக்கும் நேரத்தில் வோல்ட் சரிந்து காற்றுமானி அணைந்து எழும்.

பலர் தவறவிடுவது கோணத் திருத்தத்தை. காற்றே இல்லாத விடியலில் எஞ்சினில் நேராகப் போனால் 0 காட்ட வேண்டும். ஆனால் எதிர்க்கரை நகரமான பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இதைச் செய்தால் பொய்த் திருத்தம்தான் கிடைக்கும், படகு பக்கவாட்டில் தள்ளப்படுவதும் காற்றாகப் பதிவாகிவிடும். ஓட்டத்தின் திசையிலேயே ஓட்டுங்கள், அல்லது நீர் நிற்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். பிறகு பாய் விரித்துச் சரிபார்க்கலாம்: காற்றை நெருங்கி ஓடும்போது இடப்பக்கம் 38, வலப்பக்கம் 32 என்றால் 3 டிகிரி திருத்தம் போதும்.

டேம்பிங்கை (துள்ளும் அளவைச் சராசரியாக்கி நிதானப்படுத்தும் அமைப்பு) ஒரே இடத்தில் வையுங்கள். கருவியிலும் பைலட்டிலும் ஏற்றினால் தாமதம் இரட்டிப்பு.

காற்றை எதிர்த்து லங்காவி பக்கம் ஏறும்போது காற்றுக்கோணத்தை மாறாமல் பிடித்து ஓட்டும் காற்று முறைக்கு இணையில்லை. பின்காற்றில் கதை வேறு. அலையில் படகு வேகம் எடுத்ததும் தோற்றக்காற்று (ஓடும் படகில் உணரப்படும் காற்று) முன்னுக்கு நகரும், பைலட் அதைத் துரத்திப் படகைக் காற்றிலிருந்து விலக்கித் திருப்பும், வேகம் குறைந்ததும் பூம் (பாயின் அடியைத் தாங்கும் கட்டை) சட்டென மறுபக்கம் பாயும். மலாக்கா நீரிணையில் அடிக்கடி கிடைக்கும் மெல்லிய காற்றில் வேன் (காற்றுமானியின் திசை காட்டும் தகடு) சும்மா சுற்றும். இரண்டு வேளையிலும் ஒரே திசையைப் பிடித்து ஓட்டும் திசைகாட்டி முறையே மேல்.

சுமத்ரா புயல்காற்று (சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் இடிமழைக் காற்று) வந்தால் காற்று சில நிமிடங்களில் திரும்பிவிடும். காற்று முறையில் படகும் சத்தமில்லாமல் கூடவே திரும்பும், கப்பல் பாதையை நோக்கியும் போகலாம். காற்றுத் திருப்ப அலாரத்தை 15 டிகிரியில் வைத்து, மேகக் கோடு தெரிந்ததும் பாயைக் குறைத்துக் கையில் ஓட்டுங்கள்.

நாளடைவில் முதலில் போவது பாய்மர அடியில் இருக்கும் பிளக். உப்பு நீர் இறங்கிப் பின்கள் பச்சை பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, சூடேற்றினால் சுருங்கி இணைப்பை மூடும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய், பிளக்குக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு, இவ்வளவும் வேண்டும். உச்சியில் காகம் உட்கார்ந்தும் வேன் வளையும். ஒரு ஸ்பேர் வைத்திருங்கள்.