மரத்தடியில் உட்கார வைக்கக் காசு வாங்குகிறார்கள்: எட்டு வாரம் போய் வந்தேன்

'வனக்குளியல்' என்று ஒரு வகுப்பு, அதாவது மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்து, சும்மா உட்கார்ந்து மனசை ஆற்றிக்கொள்ளும் பயிற்சி. அதன் விளம்பரத்தில் மூன்று வட்டங்கள் போட்டிருந்தார்கள். ஒன்றில் 'நான்', அடுத்ததில் 'நாம்', மூன்றாவதில் எழுத்து எதுவும் இல்லை, ஒரு பச்சை இலை மட்டும். மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் 'மனநிறைவு' என்று இருந்தது. இந்த மாதிரி வட்டப் படங்களை ஆபீஸில் வாரத்துக்கு இரண்டு பார்க்கிறவன் நான், பார்த்தாலே சிரிப்பு வரும். ஆனாலும் சேர்ந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. பார்சல் கொண்டுவந்த பையனிடம் சொன்ன ஓடிபியைப் பேச்சாக எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

என்ன தருகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு காலை, இரண்டு மணி நேரம். பன்னிரண்டு பேர், ஒரு பயிற்சியாளர், மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய பூங்கா. போனதும் வட்டமாக உட்கார்ந்து பேச்சு, அப்புறம் மெதுநடை, அப்புறம் ஆளுக்கொரு இடத்தில் தனியாக இருபது நிமிடம் சும்மா உட்காருவது, கடைசியில் மறுபடி வட்டம். போனை ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். இது தவிர ஒரு ஆப், ஒரு வாட்ஸ்அப் குழு, முடிவில் ஒரு சான்றிதழ். மரத்தடியில் உட்கார்ந்ததற்கு எதற்குச் சான்றிதழ் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டேன்.

முதல் நாளே கொஞ்சம் எரிச்சல். வனக்குளியல் ஜப்பானியர்களின் ஆயிரம் வருடக் கலை என்று பயிற்சியாளர் ஆரம்பித்தார். இல்லை. 'ஷின்ரின் யோகு' என்ற அந்தச் சொல்லே 1982-இல் ஜப்பான் அரசின் வனத்துறை உண்டாக்கியதுதான், மக்கள் காட்டுப் பக்கம் வரட்டும் என்பதற்காக. ஒரு சொல் 1982-இல் பிறந்தது என்று சொன்னால் யார் அதை மதிக்காமல் போய்விடப் போகிறார்கள், இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஆயிரம் வருடம் வேண்டும். அதே பேச்சில் இன்னொன்றும் வந்தது: வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையில் இருந்தால் ஆரோக்கியம் 'உறுதி' என்று. இதற்கு மூலம் உண்மையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வு. முந்தைய வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் இயற்கையோடு இருந்தவர்கள், அறவே போகாதவர்களைவிட, உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்றது அது. அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசமில்லை என்றும் சொன்னது. ஆனால் நடமாட முடிகிறவர்கள்தானே முதலில் வெளியே போகிறார்கள்? எது எதற்குக் காரணம் என்பதை இப்படிக் கேள்வி கேட்டுப் பிரித்துவிட முடியாது. 'உறுதி' என்ற வார்த்தை விளம்பரக்காரர்கள் ஒட்டவைத்தது. அதோடு 120 நிமிட வகுப்பில் அவருடைய பேச்சுக்கே முதல் நாள் 35 நிமிடம் போனது, மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

மெதுநடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நிமிடத்தில் கடக்கிற தூரத்தை முப்பது நிமிடத்தில் கடக்க வேண்டும். பின்னால் ஓட்டப் பயிற்சிக்காரர்கள் வந்து 'சார், கொஞ்சம் தள்ளுங்க' என்பார்கள். இரண்டாவது வாரத்துக்கு மேல் வெட்கம் போய்விடும்.

அந்த இருபது நிமிடம்தான் விஷயம்.

முதல் வாரமே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், எட்டு வாரமும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும். நான் ஒரு பெரிய மரத்தின் வேர் மண்ணுக்கு மேலே முட்டி போல எழும்பி நிற்கிற இடத்தைப் பிடித்தேன். என்ன மரம் என்று சொல்ல மாட்டேன், அடையாளம் கண்டுபிடித்து யாராவது வந்து உட்கார்ந்துவிடுவீர்கள். முதல் நாள் என் கை ஆறு தடவை பாக்கெட்டுக்குப் போனது, போன் கூடையில் கிடக்கிறது என்று தெரிந்தே. 2014-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு ஞாபகம் வந்தது. ஆட்களைத் தனி அறையில் பதினைந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார்கள், வேண்டுமானால் தங்களுக்குத் தாங்களே ஒரு சின்ன மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பட்டன். முன்பே அந்த அதிர்ச்சியை அனுபவித்துப் பார்த்து, இது வேண்டாம் என்றால் காசுகூடக் கொடுக்கத் தயார் என்று சொன்னவர்கள்தான். அவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பட்டனை அழுத்திவிட்டார்கள். கணக்கில் சேர்க்காமல் விட்ட ஒரு மனிதர் 190 தடவை. அன்று அந்த வேரின் மேல் ஒரு பட்டன் இருந்திருந்தால் நானும் அழுத்தியிருப்பேன்.

மூன்றாவது வாரம் எறும்புகளைப் பார்த்தேன். அதற்கு முன்னாலும் அவை அங்கேதான் இருந்திருக்கும். வேரில் ஒரு விரல் நீள வெடிப்பு, அதிலிருந்து வெளியே வந்து வேரின் விளிம்போடு ஒரு வரிசை. ஒரு எறும்பு ஏதோ பூச்சியின் இறக்கையைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு போனது, பாய்மரம் விரித்த படகு மாதிரி. காற்று அடித்தது, இறக்கையோடு சேர்ந்து பக்கவாட்டில் விழுந்தது. எழுந்து, இறக்கையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, வேறு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தது. மறுபடி காற்று, மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை இறக்கையைப் படுக்கப்போட்டுப் பின்னோக்கி இழுக்க ஆரம்பித்தது, வெடிப்புக்குள் போய்ச் சேர்வதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. ரேச்சல் கப்லான், ஸ்டீவன் கப்லான் என்று ஒரு தம்பதி, இரண்டு பேரும் உளவியலாளர்கள், பிடித்து இழுத்து வைக்க வேண்டிய கவனம் களைத்துப் போகும் என்றும், மேகம், இலையசைவு மாதிரி தானாக ஈர்க்கும் விஷயங்களைப் பார்க்கும்போது அந்தக் களைப்பு தீரும் என்றும் சொன்னார்கள். பயிற்சியாளர் இதை ஸ்லைடு போட்டு விளக்கினார். எனக்கு எறும்பு போதுமாக இருந்தது.

'நான்' வட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே ஒளி, ஆழ்மன அமைதி என்றெல்லாம் எழுதியிருந்தார்கள், எனக்கு ஒளி எதுவும் தெரியவில்லை. நான்காவது வாரம் தெரிந்தது இதுதான்: என் பழைய மேலாளரோடு மனசுக்குள் ஒரு சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதே வசனங்கள், அதே வரிசை, கடைசியில் நான்தான் ஜெயிப்பேன். அவரை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு நாளும் இது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, ரேடியோவை அணைக்க மறந்த வீடு மாதிரி. அணைத்துவிட்டேனா என்றால் இல்லை. ஓடுகிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது குறைகள். முதலில் அந்த ஆப். தினமும் காலையும் மாலையும் மணி அடித்து 'இன்று மலர்ந்தீர்களா?' என்று கேட்கும், ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். விட்டுவிட்டால் ஒரு செடி வாடுவதைக் காட்டும். குற்ற உணர்ச்சியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறது. பறவைச் சத்தப் பதிவுகளும் உள்ளே இருக்கின்றன, ஒரு நாள் பயிற்சியாளர் அதை ஸ்பீக்கரில் போட்டார், நிஜப் பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருக்கும்போது.

அடுத்தது வட்டப் பேச்சு. ஒரு கூழாங்கல்லைக் கைமாற்றுவார்கள், கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது. முதல் வாரமே, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஆட்களிடம், 'உங்களை வெகுவாகப் பாதித்த இழப்பைப் பகிருங்கள்' என்றால் என்ன செய்வது? நான் குடை தொலைந்ததைச் சொன்னேன். ஒருவர் உண்மையாகவே சொல்லி உடைந்து அழுதுவிட்டார். விதிப்படி யாரும் வாயைத் திறக்கவில்லை, பயிற்சியாளர் 'மூச்சை மட்டும் கவனியுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கல்லை அடுத்தவரிடம் நகர்த்தினார். அந்த மனிதர் அடுத்த வாரம் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. இது சின்னக் குறை இல்லை. அழ வைக்கத் தெரிந்தவருக்கு அழுத பிறகு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு, தூக்கமின்மை என்று உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் இதைச் சிகிச்சை என்று நம்பிப் போக வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள், அதற்கு மேல் மரத்தடிக்கும் போவதென்றால் போங்கள்.

'வாழ்நாள் உறவுகள்' என்றும் விளம்பரத்தில் இருந்தது. கணக்குப் போட்டேன். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018-இல் சொன்னது: தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். இவர்கள் தருவது மொத்தமே 16 மணி நேரம், அதிலும் பாதிக்கு மேல் பேசக் கூடாது. கல்லை வைத்துக்கொண்டு இதைக் குறுக்கு வழியில் தாண்டப் பார்க்கிறார்கள், நடக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் வகுப்பு முடிந்த பிறகு வாசலில்தான். செருப்பிலிருந்து சேற்றைத் தட்டிக்கொண்டு, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு, யார் எங்கே வேலை, யாருக்கு முழங்கால் வலி, அந்தப் பக்கம் நாய் இருக்கிறது ஜாக்கிரதை. அட்டவணையில் அந்தக் கால்மணி நேரம் இல்லவே இல்லை.

ஐந்தாவது வாரம் காய்ச்சல், போகவில்லை. ஆப் வாடிய செடியைக் காட்டியது. நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல், தவறவிட்ட வகுப்புக்கு ஈடு கிடையாது என்று. ஆறாவது வாரம் போனபோது, எனக்கு நான்கு மரம் தள்ளி உட்காரும் ஒரு அம்மா, ஓய்வு பெற்றவர், அதுவரை வாசலில் இரண்டு மூன்று தடவை பேசியிருப்போம், என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"போன வாரம் ஏன் தம்பி வரல?"

"காய்ச்சல்ம்மா."

"நெனச்சேன். உங்க எறும்புங்க இடம் மாறிடுச்சு தெரியுமா? மழைல அந்த வெடிப்புல தண்ணி நின்னுடுச்சு. வேருக்கு அந்தப் பக்கம் போயிடுச்சுங்க."

எறும்பு பற்றி வட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். நான் வராத நாளில் அந்த அம்மா தன் இருபது நிமிடத்திலிருந்து எழுந்து போய் என் இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் வேருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், இருந்தன.

ஒரு இடத்தில் நாம் சேர்ந்தவர்கள் என்று தோன்ற என்ன வேண்டும் என்பதைப் பாமைஸ்டர், லியரி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் எழுதியிருக்கிறார்கள். அடிக்கடி சந்திக்க வேண்டும், சந்திப்பு கசப்பில்லாமல் இருக்க வேண்டும். கூடவே, ஒருவர் மேல் ஒருவருக்கு அக்கறை தொடர்ந்து இருக்க வேண்டும், ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் போதாது. இதைப் பல வருடம் முன்பு படித்திருக்கிறேன், அப்போது பாடப்புத்தக வாசகம் மாதிரிதான் இருந்தது.

ஆகவே என் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று. அவர்கள் செய்தவற்றில் உருப்படியானது, ஒரே ஆட்களை ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்கு எட்டு வாரம் வரவழைத்தது. காசு கட்டியதால்தான் மழையிலும் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன், இலவசம் என்றால் இரண்டாவது வாரமே போர்வைக்குள் இருந்திருப்பேன். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு எந்த ஏற்பாடும் இல்லை, கழிப்பறை வெகு தூரம், அதனாலேயே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். சேரும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் 'இரண்டாம் நிலை' இருக்கிறது, கட்டணம் இரண்டு மடங்கு என்றார்கள். மிஞ்சியிருந்த ஒன்பது பேரில் நான்கு பேர் சேரவில்லை. நாங்கள் நால்வரும் அதே கிழமை அதே நேரத்துக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கிறோம், கல், ஆப், ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. முதல் இருபது நிமிடம் பேசுவதில்லை, அப்புறம் பேசி முடிவதில்லை. வகுப்பில் நான் இருந்த 14 மணி நேரத்தையும் சேர்த்து இதுவரை 36 மணி நேரம் ஆகியிருக்கிறது, ஹால் கணக்குப்படி சாதாரண நட்புக்கே இன்னும் 14 பாக்கி. அந்த அம்மாவிடம் சொன்னேன். "யாருப்பா அது, ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டுப் பழகறவரு?" என்றார்.

சேருவதென்றால் அவர்கள் தரும் பாயை நம்பாதீர்கள், ஈரம் ஏறிவிடும். சின்ன முக்காலி ஒன்று கொண்டுபோங்கள். உட்காரும் முன் வேருக்கு இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள், எறும்புகள் மறுபடி இடம் மாறியிருக்கலாம்.