டெண்டரில் தோற்றால் ஜி.ஏ.ஓ.வில் முறையிடலாமா?

அமெரிக்க அரசு காண்ட்ராக்ட் கைநழுவிப் போனவர்கள் முறையிடும் இடங்களில் முக்கியமானது ஜி.ஏ.ஓ. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம்தான், ஆனால் டெண்டர் பஞ்சாயத்தும் பார்க்கும். நான் வேலை செய்யும் சின்ன ஐ.டி. கம்பெனி போன வருஷம் அங்கே போய் வந்தது. எங்களைவிட அதிக விலை போட்டவருக்கு ஒரு துறை வேலையைக் கொடுத்துவிட்டு, எங்கள் புராஜெக்ட் மேனேஜருக்கு அனுபவம் போதாது என்று காரணம் சொன்னது. அந்த அனுபவம் எங்கள் பிரபோசலில் 14-ஆம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது, யாரும் புரட்டியே பார்க்கவில்லை போல.

வேகம் பிரமாதம். 100 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். நமக்கும் அதே அவசரம்தான்: டீபிரீஃபிங் (ஏன் தோற்றோம் என்று துறை தரும் விளக்கம்) முடிந்த 5 நாளுக்குள் போட்டால்தான் ஜெயித்தவரின் வேலை தொடங்காமல் நிற்கும், 10 நாள் வரை போடலாம் என்று அசந்தால் புகாரை ஏற்பார்கள், வேலை பாட்டுக்கு ஓடும்.

வக்கீல் கட்டாயமில்லை என்பார்கள், அதை நம்பி வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். துறையின் மதிப்பீட்டுக் கோப்பில் போட்டியாளரின் ரகசியங்கள் இருப்பதால், பொதுவாக ஜி.ஏ.ஓ. அனுமதித்த வக்கீல்தான் அதை முழுதாகப் பார்க்கலாம். பில் கட்டுகிற எங்கள் முதலாளி பார்க்கக்கூடாது! வக்கீல் படித்துவிட்டு போனில், "நம்பிக்கையோடு இருங்கள்" என்றார். அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், சொல்ல முடியாது என்கிறார். முதலாளி அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

ஜி.ஏ.ஓ. சொல்வது பரிந்துரைதான், ஆனால் துறைகள் பெரும்பாலும் மீறுவதில்லை. 2008-இல் விமானப்படையின் டேங்கர் விமான (பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் விமானம்) ஆர்டர் அமெரிக்காவின் நார்த்ராப், ஐரோப்பாவின் ஈ.ஏ.டி.எஸ். கம்பெனிகளின் கூட்டணிக்குப் போனபோது போயிங் முறையிட்டது, ஜி.ஏ.ஓ. ஏற்றுக்கொண்டது, கடைசியில் 2011-இல் ஆர்டர் போயிங்குக்கே வந்தது. அதை வைத்துக் கனவு காண வேண்டாம். 2024 நிதியாண்டில் 1,803 வழக்குகள் வந்தன, தீர்ப்பு வரை போனவற்றில் முறையிட்டவர் பக்கம் நின்றது 16 சதவீதம். ஆனால் ஏதோ ஒரு நிவாரணம் கிடைத்தவர்கள் 52 சதவீதம். இந்த இடைவெளிக்குக் காரணம், தீர்ப்புக்கு முன்பே துறைகள் "நாங்களே சரிசெய்கிறோம்" என்று இறங்கி வருவது.

எங்களுக்கும் அதுதான். இரண்டாம் மாதம் துறை மறுமதிப்பீடு செய்கிறோம் என்றது, ஜி.ஏ.ஓ. வழக்கை முடித்து வைத்தது, 14-ஆம் பக்கத்தைப் பற்றி ஒரு வரி தீர்ப்பு வரவில்லை. ஜி.ஏ.ஓ.வுக்கு என் மார்க் ஐந்துக்கு மூன்றரை. காசும் வக்கீலும் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம்.

மறுமதிப்பீட்டில் எங்கள் மேனேஜரின் அனுபவத்துக்கு முழு மார்க். வேலை மட்டும் பழையபடி அவர்களுக்கே.