அரளியா, மல்லியா? பூனை இருக்கும் வீட்டு வாசலுக்கு

கோபியில் எங்கள் வீட்டு காம்பவுண்டை ஒட்டி பத்து வருடமாக அரளி நின்றது. போன வருடம் ஒரு பூனை வந்து ஒட்டிக்கொண்டது. அதற்காகவே அரளியை வேரோடு எடுத்துவிட்டு ஆறு குண்டுமல்லி வைத்தேன். இரண்டையும் வளர்த்துப் பார்த்ததில் சொல்கிறேன், பூனை இருந்தால் மல்லிதான்.

அரளியின் அருமை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கேட்காது, ஆடு கடிக்காது, பூஜைக்கும் ஆகும். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது.

பூனை என்ன, அரளி இலையையா தின்னப்போகிறது என்றுதான் நானும் இருந்தேன். கவாத்து செய்தபோதுதான் பயம் வந்தது. வெட்டிய கிளை வாசலில் கிடக்கும். காய்ந்து சருகானாலும் அதன் விஷம் போகாது. பூனை அதைக் கடித்து விளையாடும். அதைவிட மோசம் உருளி. அத்தை தினமும் காலையில் உருளித் தண்ணீரில் அரளிப்பூ மிதக்கவிடுவார். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை விட்டுவிட்டு எங்கள் பூனை போவது அங்கேதான். பூ ஊறிய தண்ணீரும் நஞ்சு. ஒரு நாள் அது உருளியில் வாய் வைக்கப் போனதைப் பார்த்துப் பதறி ஓடித் தூக்கினேன். "குடிக்கலீல்ல கண்ணு? இனி மல்லியே போட்டுக்கலாம்" என்றார் அத்தை. அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மல்லிப்பூவும் இலையும் பூனைக்கு நஞ்சில்லை. உதிர்ந்தது கிடந்தாலும் கவலையில்லை. வேலை மட்டும் அதிகம். தண்ணீர் விடவேண்டும், நவம்பர் கடைசியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்யவேண்டும், மார்ச்சில்தான் பூக்கத் தொடங்கும். மொட்டுப்புழுவும் வரும். மருந்து அடிப்பதென்றால் கவனம் வேண்டும். பெர்மெத்ரின் கலந்தது பூனைக்குக் கொடிய விஷம். நான் கையாலேயே பொறுக்கிவிடுகிறேன். ஆறு செடிக்கு அது போதும். சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் போட்டிருப்பவர்களுக்கு இந்த யோசனை உதவாது. நானும் ஒரு கவாத்துதான் பார்த்திருக்கிறேன்.

நர்சரியில் கேட்கும்போது மல்லி என்றே கேளுங்கள். வாசனைக்காக நைட் குயினை எடுத்துக் கொடுப்பார்கள்; அது வேறு குடும்பம், விஷச்செடி.

அப்புறம் லில்லி. அதை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே இரண்டு மூன்று நாளில் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து போகலாம். நக்கியது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். கல்யாண வரவேற்பில் கிடைக்கும் பூங்கொத்தில் லில்லி இருந்தால், பூனை இல்லாத பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வருகிறேன்.