சோலார் மிச்சத்தில் கார் சார்ஜ்: இரவா, நடுப்பகலா, தானியங்கி சார்ஜரா?

மாடியில் 3 கிலோவாட் சோலார், கீழே ஒரு எலெக்ட்ரிக் கார். இப்படி அமைந்த வீட்டில் அடுத்து வரும் கேள்வி, பகலில் மிஞ்சும் கரண்ட்டைக் காருக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுக் கணக்கை, வெளியே லைனுக்குப் போகும் யூனிட்டை உள்ளே வரும் யூனிட்டில் கழிக்கும் நெட் மீட்டரிடம் விடலாம். நடுப்பகலில் மெதுவாகப் போடலாம். வெயிலுக்கு ஏற்ப தானே கூட்டிக் குறைக்கும் சார்ஜர் வாங்கலாம். வீட்டுக்குத் தனி பேட்டரியும் வைக்கலாம். எதற்குப் பணம் போடுவது என்பது முதலில் உங்கள் வீட்டு மீட்டரைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 40 கி.மீ. ஓட்டம், யூனிட்டுக்கு 7 கி.மீ., சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் நாளுக்கு ஆறரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 390. வீட்டுக்கு ஏற்கெனவே 600 யூனிட் ஆகிறது என்றால் மொத்தம் 990. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு ரூ.9.65, அதற்கு மேல் 1000 வரை ரூ.10.70. சோலார் இல்லாத வீட்டில் கார் மட்டும் பில்லில் ஏற்றுவது 3,960 ரூபாய்க்குப் பக்கம். 3 கிலோவாட் பேனல் நாளுக்கு 12 யூனிட் தந்தால் இரண்டு மாதத்துக்கு 720. நெட் மீட்டர் இருந்தால் அது கழிந்து 270 யூனிட்தான் மிஞ்சும்.

இந்த 270, நீங்கள் எந்த நேரத்தில் சார்ஜ் போட்டாலும் மாறாது. மதியம் வெளியே போன யூனிட்டும் இரவில் உள்ளே வரும் யூனிட்டும் நேருக்கு நேர் கழிகின்றன. காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு இரவு சார்ஜைத் தவிர வேறு வழியும் இல்லை. அவர்கள் நிம்மதியாக இரவிலேயே போடலாம். ஒன்றே ஒன்று, வீடு திரும்பியதும் மாலை ஏழு மணிக்குச் செருகாமல் டைமரில் பதினொன்றுக்கு மேல் வைத்துவிடுங்கள். ஊரே விளக்கும் ஏசியும் போடும் நேரத்தில் டிரான்ஸ்பார்மருக்கு இன்னொரு சுமை வேண்டாம்.

பகலில் கார் வீட்டில் நிற்கிறதா? அப்படியானால் நடுப்பகல்தான் என்று அடித்துச் சொல்வேன். காரணம் மேலே போட்ட கணக்கில் தெரியாது, வோல்டேஜில் தெரியும். எங்கள் தெருவில் நாலைந்து மாடிகளில் பேனல் வந்துவிட்டது. வெயில் ஏற ஏற லைன் வோல்டேஜ் 250-ஐத் தாண்டும். வரம்பைத் தொட்டதும், பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிடும், சில நிமிடம் கழித்து மறுபடி எழும். நல்ல வெயிலில் உற்பத்தி பூஜ்யத்தில் கிடப்பதை மொபைலில் பார்க்கும்போது வயிறு எரியும். அந்த நேரத்தில் காரைச் செருகினால் வோல்டேஜ் இறங்கி இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடுகிறது. காரில் 8 ஆம்ப் என்று வைத்தால் இழுப்பது 1.8 கிலோவாட். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை 9 யூனிட் இறங்கும், 50 கி.மீ.க்குக் குறையாது. எல்லாக் காரிலும் ஆம்ப் குறைக்கும் வசதி கிடையாது, வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

தானியங்கி சார்ஜர் அழகான பொருள். மெயின் லைனில் ஒரு சென்சார் மாட்டி, வெளியே எவ்வளவு போகிறது என்று பார்த்து அதை மட்டும் காருக்குத் திருப்பும். பிரிட்டனின் ஸாப்பி இந்த வகை. ஆஸ்திரேலியாவில் இதற்கு அர்த்தம் இருக்கிறது. அங்கே விற்கும் யூனிட்டுக்குக் கிடைப்பது சில சென்ட், வாங்கும் யூனிட்டுக்குக் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு. யூனிட்டுக்கு யூனிட் கழியும் நம் வீட்டு நெட் மீட்டரில் அது மிச்சப்படுத்த எதுவும் இல்லை. போதாததற்கு, கார் சார்ஜிங் 6 ஆம்புக்குக் கீழே இறங்காது. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 1.4 கிலோவாட். 3 கிலோவாட் பேனல் மதியம் இரண்டரை தரும். ஃபிரிட்ஜ், ஃபேனுக்கு 400 வாட் போனால் மிச்சம் 2.1. ஒன்றரை டன் ஏசி ஓடத் தொடங்கியதும் மிச்சம் முக்கால் கிலோவாட்டுக்கு வந்துவிடும், சார்ஜர் நின்றுவிடும். மேகம் போகும்போதும் வரும்போதும் உள்ளே இருக்கும் ரிலே சுவிட்ச் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். 5 கிலோவாட்டுக்கு மேல் பேனலும், விற்கும் விலை குறைவான இணைப்பும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நெட் மீட்டருக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய டிஜிட்டல் மீட்டர்கள் பல, வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணிவிடும். புது மீட்டர் வரும்வரை இன்வெர்ட்டரில் வெளியே விடாத அமைப்பை வைத்து, பகலிலேயே காருக்குக் கொடுத்துவிடுங்கள்.

தனி பேட்டரி காருக்காக வேண்டாம். ஒரு பேட்டரியில் ஏற்றி இன்னொரு பேட்டரிக்கு மாற்றுவதில் பத்தில் ஒரு பங்காவது வீணாகும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் வீட்டுக்காக வாங்குவது வேறு விஷயம்.

எந்த வழியில் போனாலும் பிளக் பாயிண்டில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். முதல் வாரம் வாஷிங் மெஷின் ஓடிய 15 ஆம்ப் பாயிண்டிலேயே செருகினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டால் பிளக் கையில் சுட்டது, சாக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம். ஏசி கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும், கார் ஐந்து மணி நேரம் விடாமல் இழுக்கும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 20 ஆம்ப் எம்சிபி, ஷாக் அடித்தால் கட் ஆகும் ஆர்சிசிபி, கனமான தொழிற்சாலை வகை சாக்கெட், புதிதாக ஒரு எர்த் குழி என்று மாற்றினோம். எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்குக் காட்டி நின்றுவிடும். இப்போது மூன்று மணிக்குக் கழற்றும்போது பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன், லேசான வெதுவெதுப்புதான்.