பிளேஸ்டேஷன் 5 படத் தரம்: கன்சோல் நல்லது, டிவியைப் பார்த்து வாங்குங்கள்

பிளேஸ்டேஷன் 5 வாங்கப் போகிறவர்கள் கேம் பட்டியலைத்தான் கேட்கிறார்கள், டிவியின் பின்பக்கம் என்ன போர்ட் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கன்சோலை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் பழைய 2.0 தரம் நொடிக்கு 18 ஜிகாபிட்தான் தாங்கும், 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேமோடு (திரைப்படங்களோடு) நின்றுவிடும், 2.1 தரம் 48 ஜிகாபிட் வரை போகும், அதனால்தான் 4கே-யில் 120 ஃபிரேம் கிடைக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ல் சோனி 32 ஜிகாபிட்டில் நிறுத்திவிட்டது, போட்டி கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 40 தருகிறது. சோபாவிலிருந்து பார்த்தால் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது விஆர்ஆர் வசதிதான். ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது டிவியும் அதே வேகத்தில் திரையைப் புதுப்பிப்பதால், ஓடும்போதும் திரும்பும்போதும் படம் குறுக்கே வெட்டுப்படுவது நின்றுபோகிறது. ஆனால் 2020-ல் வந்த கன்சோலுக்கு இது 2022 ஏப்ரலில்தான் கிடைத்தது. அவ்வளவு தாமதித்தது சரியே இல்லை.

அப்புறம் டிவி. அட்டைப்பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், அந்தத் தரத்தில் 4கே 120 கட்டாயமே இல்லை, பேனல் 120 ஹெர்ட்ஸா, அதாவது திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்குமா என்று தனியாகக் கேளுங்கள். விலை கூடிய டிவிகளிலும் பலவற்றில் இரண்டு போர்ட்தான் முழு வேகம், அதில் ஒன்றை சவுண்ட்பார் பிடித்துக்கொள்ளும். கேபிள் கன்சோலோடு வருகிறது, கடைக்காரர் விலை உயர்ந்த கேபிளை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவி வீட்டில் இருந்தால் இதற்காக மாற்றவும் வேண்டாம், பெரும்பாலான கேம்கள் 30 அல்லது 60 ஃபிரேமில்தான் ஓடுகின்றன.